மனசை வேற பக்கம் திருப்புங்க, ஆனா திரும்பி வர்ற தேதியையும் எழுதி வச்சிருங்க

எங்க வீட்டு தார்சாவுல ஒரு செவரு அலமாரி உண்டு. மேல் தட்டுல மிஷினுக்கு விடுற எண்ணெய்க் குப்பி, பாபின் டப்பா, அளவுக்குக் குடுத்த பழைய ஜாக்கெட்டுங்க எல்லாம் கெடக்கும். அந்த ஜாக்கெட்டுகளுக்கு அடியில ஒரு பிரவுன் கவரை நான் நாலு மாசம் பிரிக்காம வச்சிருந்தேன். அம்மா ஆப்பரேஷன் செலவுக்கு அஞ்சு பவுன் சங்கிலிய ஒரு பேங்க்ல அடகு வச்சிருந்தோம், வட்டி கட்டாமலே ஒரு வருஷத்துக்கு மேல ஓடிப் போச்சு, அப்பம் வந்த ரிஜிஸ்தர் தபால் அது. போஸ்ட்மேன் அண்ணாச்சி கையெழுத்து வாங்கிட்டுப் போனதும் கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், ஓரத்துல பசை லேசா விட்டிருந்துச்சு, விரலை விட்டா தெறந்துரும். தெறக்கல. தீபாவளி ஆர்டர் கெடக்கு, முடிச்சிட்டுப் பாப்போம்னு வச்சேன். தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு. ஒவ்வொரு தடவையும் அலமாரியத் தெறக்கும்போது அந்த மூலையில கண்ணு படாத மாதிரி கைய மட்டும் உள்ள விட்டு நூல்கண்டை எடுப்பேன், அது அப்படியே பழகிப் போச்சு.

கடைசியில தெறந்தப்பம் ஏலத்துக்குக் குறிச்ச தேதி போயி மூணு வாரம் ஆகியிருந்துச்சு. அம்மா கல்யாணத்துல போட்ட சங்கிலி. கடனும் வட்டியும் செலவும் போக மீதிப் பணம் நமக்கு வரணும், அதைப் போய்க் கேக்கவே இன்னும் ரெண்டு மாசம் ஆக்குனேன்.

இதை வச்சு, பிரச்சனைன்னு வந்தா உடனே அதுக்கு முன்னாடி நிக்கணும், வேற எதுலயும் மனசை விடக்கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஏன்னா அதே அம்மா ஆஸ்பத்திரியில ஐசியூல கெடந்த ஆறு நாளும் என்னைப் பிடிச்சு நிறுத்துனது தையல் மிஷின்தான். வெளிய உக்காந்து செவரைப் பாத்தா அம்மாவுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, ராத்திரி முறை மாத்தி அண்ணன் போனதும் வீட்டுக்கு வந்து ரெண்டு ஜாக்கெட் வெட்டிட்டுத்தான் படுப்பேன். அதனால எனக்குத் தூக்கம் வந்துச்சு, காலையில டாக்டர் சொல்லுறது காதுல ஏறுச்சு. ஒரே மிஷின்தான், ஒரு தடவை காப்பாத்துச்சு, ஒரு தடவை சங்கிலி போறதுக்குக் காரணமாச்சு. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு யோசிச்சு யோசிச்சு எனக்குப் பிடிபட்டதை எழுதுதேன், இதைப்பத்தி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேத்து.

முதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு. நான் அந்தப் பக்கம் பாக்காம இருக்குற நேரத்துல இந்த விஷயம் வளருதா, வத்துதா?

வத்துற விஷயங்கள் நெறைய உண்டு. கொழுந்தியா வீட்டு விசேஷத்துல ஒருத்தர் எல்லாரு முன்னாடியும் ஒரு சொல்லு சொல்லிட்டாவ, நெஞ்சு எரியுது. பரீட்சை எழுதியாச்சு, ரிசல்ட்டுக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரவங்க மேல வந்த கோவம். ரத்தம் டெஸ்ட்டுக்குக் குடுத்தாச்சு, நாளைக்குத்தான் ரிப்போர்ட். இதுல எல்லாம் நீங்க வேற சோலியப் பாக்கப் போனா ஒண்ணும் கெட்டுப் போகாது, ஆறப் போட்டா அதுவா ஆறும், உக்காந்து கிண்டுனாத்தான் பெருசாகும்.

வளர்ற விஷயம்னா வட்டி, தபால்ல வர்ற நோட்டீஸ், கோர்ட்டு வாய்தா, பல்லு வலி, ஒடம்புல தட்டுப்படுற கட்டி, காலேஜ்ல விழுந்த அரியர், புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேசாம விட்ட பேச்சு, வீட்டுல ஒருத்தரோட குடி. இதுக்கெல்லாம் நீங்க பாக்காட்டியும் நாள் ஓடிக்கிட்டேதான் இருக்கும். பூனை கண்ண மூடிக்கிட்டு உலகமே இருண்டு போச்சுன்னு நெனைக்குமாம்னு எங்க ஆச்சி சொல்லுவா, இந்த வகைக்குத்தான் அது பொருந்தும்.

வளர்றதா வத்துறதான்னு சட்டுன்னு தெரியலன்னா ஒரு வழி சொல்லுதேன். இதுல எங்கயாவது ஒரு தேதி, ஒரு தொகை, இல்ல ஒரு ஒடம்பு சம்பந்தப்பட்டிருக்கான்னு பாருங்க. மூணுல ஒண்ணு இருந்தாலும் வளர்றதுன்னே வச்சுக்கோங்க. டெஸ்ட்டே குடுத்தாச்சு, காத்திருக்குறதுதான் பாக்கின்னா அது வத்துற பக்கம், டெஸ்ட்டுக்கே போகலன்னா அது வளர்ற பக்கம்.

ஜெரி சல்ஸ், பார்பரா ஃப்ளெட்சர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1985ல இதைப்பத்தி அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் ஒண்ணாச் சேத்துப் பாத்திருக்காவ. கிடைச்ச பதில் எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு, கொஞ்ச நாளைக்குன்னா ஒதுங்கி இருக்குறவங்க நல்லாத்தான் இருக்காவ, நாள் நீள நீள, நேருக்கு நேர் கவனிச்சவங்கதான் நல்லா இருக்காவ. அதாவது ஒதுங்குறது தப்பில்ல, எத்தனை நாள்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

சரி, இப்பம் வத்துற விஷயமோ வளர்ற விஷயமோ, எதுவா இருந்தாலும் முதல் அலை அடிக்கும்போது, அதாவது கை நடுங்குது, வயிறு கலங்குது, ஒண்ணும் ஓடல, அந்த நேரத்துல முடிவு எடுக்க உக்காராதீங்க. அப்பம் மனசைத் திருப்பத்தான் வேணும். ஆனா எதுல திருப்புறீங்கங்கிறது முக்கியம், இங்கதான் நெறைய பேரு தப்பான வேலையத் தேர்ந்தெடுக்காவ.

என் தொழிலை வச்சே சொல்லுதேன். ஜாக்கெட்டுக்கு கைத்தையல்ல ஹெம்மிங், அதான் ஓரத்தை மடிச்சுத் தைக்கிறது, பண்ணும்போது கை தானா ஓடும், இருவது வருஷப் பழக்கம், மனசுக்கு அங்க வேலையே கெடையாது, அதனால அது நேரா போயி எது வலிக்குதோ அதுலயே உக்காந்துக்கிடும். ஒரு ஜாக்கெட் ஹெம்மிங் முடியிறதுக்குள்ள மாமியார் சொன்ன சொல்லை நாப்பது தடவை கேட்டு முடிச்சிருப்பேன். ஆனா கட்டிங் அப்படி இல்ல. பட்டுத் துணிய விரிச்சு, சாக்பீஸ்ல கோடு போட்டு, கைக்குழி வளைவுல கத்திரிக்கோலை விடும்போது ஒரு அரை இன்ச் உள்ள போச்சுன்னா துணி போச்சு, அடுத்தவ காசு போட்டு எடுத்த துணி. மூச்சைக்கூட மெதுவாத்தான் விடுவோம். அந்த நிமிஷத்துல மனசால வேற எங்கயும் போக முடியாது. அதனால மனசைத் திருப்பணும்னா கட்டிங் மாதிரி வேலையாப் பாத்து எடுங்க, ஹெம்மிங் மாதிரி வேலை வேண்டாம். பாத்திரம் கழுவுறது, துணி மடிக்கிறது, பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து போறது எல்லாம் நல்ல வேலைதான், ஆனா வேதனையில இருக்கும்போது அது எல்லாமே ஹெம்மிங்தான்.

தையல் தெரியாதவங்களுக்கு நான் சொல்லுறது சொதி. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன். நம்ம திருநெல்வேலி மறுவீட்டுச் சொதியை, அதான் தேங்காப்பால் குழம்பை, ஒழுங்கா வைக்கணும்னா ஆளு முழுசா அங்கன நின்னாத்தான் ஆகும். தேங்காயத் துருவி அரைச்சு முதல் பால், ரெண்டாம் பால், மூணாம் பால்னு தனித்தனியா எடுக்கணும், மூணாம் பால்ல காய வேக வைக்கணும், பாசிப்பருப்பைக் குழையாமப் பாக்கணும், இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைச்ச விழுதைச் சேக்கணும், முதல் பாலை ஊத்துனதுக்கப்புறம் கொதிக்க விடக்கூடாது, கொதிச்சா திரிஞ்சிரும், ஓரத்துல நுரை கட்டும்போதே இறக்கிறணும், எலுமிச்சம்பழத்தை அடுப்பை அணைச்ச பெறவுதான் பிழியணும். அந்த நுரை எப்பம் கட்டும்னு சட்டியப் பாத்துக்கிட்டு நிக்கிற ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கு பாருங்க, அதுல கவலைக்கு எடமே கெடையாது. கடைசியில வீட்டுல நாலு பேரு சாப்பிடவும் செய்வாவ. ஆரம்பம் இருக்கு, முடிவு இருக்கு, கையும் கண்ணும் மூக்கும் சேந்து வேலை செய்யுது. இந்தக் குணம் உள்ள எந்த வேலையும் சரி. பையனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறது, சைக்கிள் செயினைக் கழட்டி மாட்டுறது, கோலத்துல இழை தவறாம சிக்குக் கோலம் போடுறது, ஆத்துல எதிர் நீச்சல்.

ரொம்ப நேரமும் வேண்டாம். சூசன் நோலன் ஹோக்சிமான்னு ஒரு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர், இதே மனக்கவலையப் பத்தி ஆயுசு பூரா வேலை பாத்தவங்க, மனசு சோர்ந்து இருக்குறவங்களை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு சோதிச்சிருக்காவ. ஒரு கூட்டத்தை தன்னைப் பத்தியும் தன் மனநிலையப் பத்தியுமே எட்டு நிமிஷம் யோசிக்கச் சொன்னாவ, இன்னொரு கூட்டத்துக்கு கண்ணாடி ஜன்னல்ல மழைத்துளி வழியிறது மாதிரி வெளிய உள்ள விஷயத்தை யோசிக்கக் குடுத்தாவ. தன்னையே நோண்டுனவங்களுக்கு சோர்வு கூடுச்சு, மத்தவங்களுக்குக் குறைஞ்சது. வெறும் எட்டு நிமிஷம். அதுக்கு அடுத்தபடியா அவங்க கண்டதுதான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சது, சோர்வு தெளிஞ்சவங்கதான் தன் பிரச்சனைக்கு நல்ல வழியும் யோசிச்சிருக்காவ. என்னத்துக்கு எனக்கு மட்டும் இப்படி நடக்குதுன்னு மணிக்கணக்கா சுத்திச் சுத்தி நெனைக்கிறதைத்தான் நம்ம ஆளுங்க பிரச்சனைய யோசிக்கிறதுன்னு நம்பிக்கிட்டு இருக்கோம், அதுல ஒரு வழியும் பொறக்குறதில்ல.

நெனைக்கக் கூடாதுன்னு மனசைக் கட்டிப் போடுறது மட்டும் வேலைக்கு ஆகாது. மருந்து குடிக்கும்போது கொரங்க நெனைக்காதன்னு சொன்னா கொரங்குதான் வந்து நிக்கும்னு நமக்கெல்லாம் சின்னப் பிள்ளையில இருந்தே தெரியும். டேனியல் வெக்னர்ங்கிற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1987ல இதையே வெள்ளைக் கரடிய வச்சு செஞ்சு பாத்தாரு, அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடிய நெனைக்காதீங்க, நெனைச்சா மணியடிங்கன்னாரு, மணி விடாம அடிச்சிருக்கு. அதைவிட, முதல்ல அடக்கி வச்சவங்களுக்கு பெறவு நெனைக்கலாம்னு விட்டதும் அது இன்னும் அதிகமா வந்திருக்கு. ஆக, மறக்கணும் மறக்கணும்னு நிக்கிறதை விட்டுட்டு, கைக்கு வேற ஒண்ணைக் குடுங்க. நடுவுல அந்த நெனப்பு வந்தா வரட்டும், வந்துட்டியா, சாயங்காலம் பாப்போம்னு சொல்லிட்டு கத்திரிக்கோலைப் பிடிங்க.

போனைப் பத்தி ஒரு வார்த்தை. ரீல்ஸ் பாக்குறதை நான் கெட்டதுன்னு சொல்லல, ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராம தவிக்கும்போது சமையல் வீடியோ எனக்கும் கை குடுத்திருக்கு. ஆனா அதுக்கு முடிவு கெடையாது, சொதிக்கு இருக்குற மாதிரி இறக்கி வைக்கிற நேரம் அதுல இல்ல, விரல் தானாத் தள்ளும், அதனால அதுவும் ஒரு வகை ஹெம்மிங்தான், பாதி மனசு அங்க, பாதி மனசு இங்க. அலாரம் வச்சிட்டுப் பாருங்க, அவ்வளவுதான். குடிச்சு மறக்குறதை மட்டும் இந்தக் கணக்குலயே சேக்காதீங்க. மறுநாள் காலையில அதே பிரச்சனையோட தலைவலியும் காசு நட்டமும் சேந்து நிக்கும், வத்திப் போகவேண்டிய விஷயத்தைக்கூட வளர்ற விஷயமா மாத்திப்புடும்.

இனிமேதான் முக்கியமான எடம். மனசைத் திருப்பப் போறதுக்கு முன்னாடியே திரும்பி வர்ற தேதிய எழுதிருங்க.

நம்ம வீடுகள்ல தினசரி காலண்டர் தொங்கும்லா, நாள் தேதி, ராகுகாலம், சூலம் எல்லாம் போட்டு தினமும் கிழிக்கிறது. அதுல ரெண்டு நாளோ மூணு நாளோ தள்ளி ஒரு தாளை நிமித்தி, பேனாவால எழுதுங்க, நாலு மணி, கவர். வேற ஒண்ணும் எழுத வேண்டாம், வீட்டுக்கு வர்றவங்களுக்கும் ஒண்ணும் புரியாது. அந்தத் தேதி வரைக்கும் உங்களுக்கு விடுதலை, தைரியமா வேற சோலியப் பாருங்க, குற்றாலத்துல சாரல்னா போயிக் குளிச்சிட்டுக்கூட வாங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். ஏன்னா இப்பம் நீங்க ஓடல, நேரம் குறிச்சிட்டுப் போறீங்க. காலையில தாளைக் கிழிக்கும்போது உங்க கையெழுத்தே உங்க முன்னாடி வந்து நிக்கும். போன்ல ரிமைண்டர் வைக்கலாமேன்னு கேப்பீங்க, நானும் வச்சுப் பாத்தேன், அதை ஒரு தட்டுல தள்ளிப் போட்டுறலாம், தாளைக் கிழிக்காம விட்டா வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

தினமும் அரிச்சுக்கிட்டே இருக்குற கவலைக்கு இதையே கொஞ்சம் மாத்திச் செய்யலாம். தாமஸ் போர்கோவெக்ங்கிற மனோதத்துவ ஆராய்ச்சியாளரும் கூட வேலை பாத்தவங்களும் 1983ல சொன்ன முறை இது, தினமும் ஒரே எடத்துல, ஒரே நேரத்துல அரை மணி நேரம் கவலைக்குன்னே ஒதுக்கிறது, மத்த நேரத்துல வந்தா அந்த நேரத்துக்குத் தள்ளி வைக்கிறது. படுக்குற எடம் வேண்டாம், அடுக்களையும் வேண்டாம். நான் தார்சாவுல ஒரு ஸ்டூல் போட்டு நாலு மணிக் காப்பியோட உக்காருவேன். பாதி நாள் அந்த நேரம் வரும்போது காலையில அவ்வளவு பெருசாத் தெரிஞ்ச விஷயம் ஞாபகத்துக்கே வராது, அப்பம் அது வத்துற வகைன்னு தெரிஞ்சுபோகும்.

தேதி வந்தாச்சு, உக்காந்தாச்சு, கை போக மாட்டேங்குது. இதுக்கு ஒரு காரணம் உண்டு, நீங்க கோழைங்கிறது காரணம் இல்ல. ஹோபார்ட் மோரர்ங்கிற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1940கள்ல விளக்குனது. பயப்படுற ஒண்ணை விட்டு வெலகுற ஒவ்வொரு தடவையும் ஒடனே ஒரு நிம்மதி கெடைக்குது, அந்த நிம்மதிதான் கூலி, கூலி வாங்குன மனசு அடுத்த தடவையும் அதையே செய்யும். அது மட்டுமில்ல, கிட்ட போகாததுனால அங்க நெசமாவே அவ்வளவு பயங்கரம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கிற வாய்ப்பே வராது. அலமாரியில அந்த மூலையத் தொடாம நான் நூல்கண்டு எடுத்த ஒவ்வொரு தடவையும் கவரு என் மனசுல கொஞ்சம் கொஞ்சமாப் பெருத்துக்கிட்டே இருந்திருக்கு, நெசக் கவரு அதே கவருதான்.

அதனால படிக்கட்டு கட்டுங்க. ஆத்துல எறங்குறப்பம் ஒவ்வொரு படியாத்தான எறங்குதோம், தண்ணி ஜில்லுன்னு கணுக்காலை நனைக்கும், நின்னு பழகி, பெறவு முட்டு வரைக்கும், பெறவு முங்குதோம். தபாலுன்னா முதல் நாள் கவரை எடுத்து மேசைல வைக்கிறதோட சரி. அடுத்த நாள் பிரிச்சு, தேதியையும் தொகையையும் மட்டும் ஒரு சீட்டுல குறிக்கிறது, முழுசாப் படிக்க வேண்டாம். பெறவு போனைப் போட்டு கடைசி நாள் எப்பம்னு கேக்குறது. அதுக்குப் பெறவுதான் நேர்ல போறது. ஆனா தேதி நெருங்கிட்டுன்னா எல்லாப் படியையும் ஒரே நாள்ல எறங்கிறணும், அதுக்கு வேற வழி இல்ல. ஏலத்துக்கு முன்னாடி நோட்டீஸ் அனுப்புறதே நாம வந்து பேசுறதுக்குத்தான், வட்டியையாவது கட்டி நேரம் கேக்க முடியுமா, வேற என்ன வழி இருக்குன்னு கவுண்டர்ல கேட்டாத்தான் தெரியும், அலமாரிக்குள்ள இருந்து தெரியாது.

பேசாமப் போன அண்ணன் தம்பிக்கும் இதேதான். எடுத்த எடுப்புல சொத்து விஷயத்தைப் பேசப் போகாதீங்க. பிள்ளைக்குப் பொறந்தநாள்னு ஒரு வாட்ஸ்அப், பெறவு ஒரு கல்யாண வீட்டுல சாப்பிட்டீங்களா அண்ணேன்னு ஒரு வார்த்தை, இப்படி ஒண்ணு ஒண்ணா. ஒரு படியில நின்னு நெஞ்சுப் படபடப்பு அடங்குறவரைக்கும் அங்கனயே இருங்க, படபடப்போட ஏறி ஓடி வந்துட்டா மனசு பழையபடி கூலிய வாங்கிரும்.

நல்ல வேலை மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வர்ற தப்பிப்பு ஒண்ணு உண்டு, இதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். என் தீபாவளி ஆர்டர் அப்படித்தான், உழைக்கிறவளை யாராவது குத்தம் சொல்லுவாவளா. அதே மாதிரி மத்தவங்க வீட்டுக் கஷ்டத்துக்கெல்லாம் முன்னால ஓடுறது, வாரம் தவறாம கோயில் கோயிலாப் போறது, பிரச்சனையப் பத்தி பத்து பேருகிட்ட பேசிட்டு பேச வேண்டிய அந்த ஒருத்தருகிட்ட மட்டும் பேசாம இருக்கிறது, சுகர் வந்தா என்ன சாப்பிடணும்னு நூறு வீடியோ பாத்துட்டு ரத்தம் டெஸ்ட் பண்ணாம இருக்கிறது. வேலை நல்லதுதான், ஆனா இதைச் செய்யாத நாள்ல எனக்கு என்ன நெனப்பு வருதுன்னு உங்களையே கேளுங்க, அந்த நெனப்புதான் கவரு.

எங்க பெரியம்மாவுக்கு மார்புல ஒரு கட்டி தட்டுப்பட்டு எட்டு மாசம் யாருகிட்டயும் சொல்லல, வலிக்கலயேன்னு இருந்துட்டா. பேத்தி கல்யாணம் முடியட்டும், வளைகாப்பு முடியட்டும்னு தள்ளுனா. வலி இல்லங்கிறதுனாலயே கட்டி நல்ல கட்டின்னு ஆகிறாது, இதை எல்லாப் பொம்பளைகளும் தெரிஞ்சுக்கிடணும். எத்தனையோ கட்டி சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும், ஆனா அதை டாக்டர்தான் பாத்துச் சொல்லணும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில காசு இல்லாமலே பாக்கலாம். ஒடம்பு விஷயத்துக்கு மட்டும் காலண்டர்ல ஒரு வாரத்துக்கு மேல தள்ளி எழுதாதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கேன்.

ஒண்ணும் செய்ய முடியாத விஷயங்களும் இருக்கு. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1984ல பிரிச்சுக் காட்டுனது இதுதான், பிரச்சனைய மாத்த முடிஞ்சா அதுமேல கை வைக்கிறது ஒரு வழி, மாத்த முடியாட்டி அதுல நம்ம மனசு படுற பாட்டைக் கவனிக்கிறது இன்னொரு வழி, ரெண்டுமே சமாளிக்கிறதுதான். செத்துப் போனவங்களை நெனச்சு வர்ற துக்கத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்க முடியும்? 2023 டிசம்பர் 17, 18ல வந்த வெள்ளத்துல திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை, மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தாமிரபரணி ஆறு வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு தாத்தா, கல்யாண போட்டோ ஆல்பம் மொத்தமும் சேத்துல போச்சு, அதுக்குப் பெறவு தினமும் சாயங்காலம் டீக்கடை பெஞ்சுல உக்காந்து ராத்திரி வரைக்கும் அரசியல் பேசிட்டு வந்தாரு. மகன் திட்டுனான், வீட்டைப் பத்திக் கவலையே இல்லாம இருக்காருன்னு. அவருக்குச் செய்ய வேண்டியது ஒண்ணும் பாக்கி இல்ல, நிவாரணத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு, வீட்டைக் கழுவியாச்சு, ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அவர் பேசட்டும்னு விடணும்.

குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாத்திருப்பீங்க, ஆத்துக்குள்ளயே இருக்கு. வெள்ளம் வரப்போகுதுன்னா உற்சவரையும் சாமான்களையும் கரையில இருக்குற மேலக்கோயிலுக்கு எடுத்துட்டுப் போயிருவாவ, மூலவர் உள்ளயே இருப்பாரு, கோயில் முங்கும். தண்ணி வடிஞ்சதும் வந்து, கெடக்குற மண்ணையும் சகதியையும் வாரிக் கழுவிவிட்டு பூஜையத் தொடங்குவாவ. வெள்ளத்துக்கு முன்னால யாரும் போயி நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறதில்ல, வடிஞ்ச பெறவு மேலக்கோயில்லயே இருந்துக்கிடவும் இல்ல. மனசைத் திருப்புறது எப்படின்னு யாராவது என்கிட்ட கேட்டா இப்பல்லாம் நான் இதைத்தான் சொல்லுதேன்.

உங்க வீட்டுல வேற ஒருத்தரு ஒதுங்கிக்கிட்டு இருந்தா என்ன செய்றதுன்னும் சொல்லணும். எங்க வீட்டுக்காரவுக கடையில நட்டம் வந்த சமயம் கணக்கு நோட்டையே தொட மாட்டாவ, வந்ததும் டிவிய வச்சுக்கிட்டு உக்காந்துருவாவ. நான் முதல்ல செஞ்சது தப்பு, டிவிய அணைச்சிட்டு கேட்டேன், சண்டைதான் வந்துச்சு. அலைல இருக்குறவங்ககிட்ட இருந்து கட்டையப் பிடுங்குற மாதிரி அது. பெறவு ஒரு நாள், "ஏங்க, மேட்சு முடியட்டும், ஞாயித்துக்கிழமை காலையில இட்லி சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் நோட்டைப் பாப்போம், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் வாசிக்கேன், நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க"ன்னேன். அவுக ஒண்ணும் பேசல. ஞாயித்துக்கிழமை அவுகளே நோட்டை எடுத்துட்டு வந்து பட்டாசல்ல உக்காந்தாவ. மொத்தமே முப்பத்தி ரெண்டாயிரம்தான் கடன் நின்னுச்சு, அவுக மனசுல அது ஒரு லட்சத்துக்கு மேல ஏறி நின்னிருக்கு. நேரம் குறிச்சுக் குடுங்க, கூட உக்காருங்க, முதல் படிய நீங்க எறங்குங்க. இதுக்கு மேல அடுத்தவங்களுக்கு நாம செய்ய முடியுறது கம்மிதான்.

சில சமயம் இது எதுவும் பத்தாது. எது செஞ்சாலும் மனசு திரும்பவே மாட்டேங்குது, ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் சாப்பாடும் போச்சு, இருந்து என்ன செய்யன்னு நெனப்பு வருது, இல்ல நடந்து முடிஞ்ச ஒரு கொடுமை கண்ணு முன்னாடி திரும்பத் திரும்ப ஓடுதுன்னா, காலண்டரும் வேண்டாம் சொதியும் வேண்டாம், அன்னைக்கே ஆளைக் கூப்பிடுங்க. 14416ன்னு டெலிமானஸ் நம்பர், மனநல உதவிக்கு மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். வீட்டுக்குள்ள அடி உதைன்னா பொம்பளைகளுக்கு 181 இருக்கு. கோர்ட்டு நோட்டீஸ்னு பயந்து மூடி வச்சிருந்தீங்கன்னா இலவச சட்ட உதவிக்கு 15100, பொம்பளைகளுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அந்த உதவி உண்டு. அடி வாங்குறவங்க மனசைத் திருப்பிக்கிட்டு அங்கனயே இருக்கக் கூடாது, அவங்களுக்கு வெலகுறதுதான் நேருக்கு நேர் பாக்குறது.

கடைசியா, எழுதி வச்ச தேதியும் தவறிப் போச்சுன்னா. தவறும். அந்தத் தாளைக் கிழிக்காம அப்படியே மடிச்சு, ரெண்டு நாள் தள்ளி இன்னொரு தாள்ல எழுதுங்க. ரெண்டாவது தடவையும் தவறுனா மூணாவது தாள்ல நேரத்துக்குப் பக்கத்துல ஒரு ஆளு பேரையும் சேத்து எழுதுங்க. அன்னைக்கு நான் எழுதுனது மதினி பேரு. நாலு மணிக்கு வந்தா, கையில முருங்கைக்கீரைக் கட்டு. காப்பிய வாங்கி வச்சுக்கிட்டு, "நீ பிரி தாயி, நான் கீரை ஆஞ்சுக்கிட்டே இங்கனதான் இருக்கேன்"ன்னா. ஒண்ணும் கேக்கல, என் மூஞ்சியக்கூடப் பாக்கல, மொறத்தை மடியில வச்சுக்கிட்டு இணுக்கு இணுக்கா உருவிக்கிட்டு இருந்தா. நான் ஜாக்கெட்டுகளைத் தூக்கிட்டு கவரை எடுத்தேன், பசை விட்டிருந்த அதே ஓரத்துல விரலை விட்டேன்.